ஃபிளாகர் கையில எடுக்கறதுக்கு முன்னாடி: வார் நுனியில இருந்து ஆஃப்டர்கேர் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

ஃபிளாகர்னா ஒரு கைப்பிடியில நெறைய வார் தொங்குற, ஒருத்தர் விருப்பத்தோட அடி வாங்கற விளையாட்டுக்கான சாமான். இது 18 வயசு தாண்டின, ரெண்டு பேருமே தெளிவான மனசோட சரின்னு சொன்ன ஆளுங்களுக்கான விஷயம், அத மொதல்லயே சொல்லிடறேன். ஒருத்தருக்கு ஆசை, இன்னொருத்தருக்கு அரை மனசுன்னா ஃபிளாகர கொக்கியில மாட்டிட்டு பேசி முடிங்க, அப்புறம் இதப் படிச்சா போதும்.

நான் மொத ஃபிளாகர் வாங்கின அன்னைக்கே பயன்படுத்திட்டேன். அதான் நான் செஞ்ச பெரிய முட்டாள்தனம். வீடியோல பாக்கும்போது ரொம்ப ஈசியா தெரிஞ்சுது, கைய ஆட்டினா வார் எல்லாம் போய் விழப்போகுது, இதுல என்ன இருக்குன்னு நெனச்சேன். நாலாவது அடியிலயே நுனி இடுப்ப சுத்திப் போய் முன்பக்க எலும்பு மேல சுளீர்னு விழுந்துச்சு, பார்ட்னர் "ரெட்"னு (எல்லாத்தையும் நிறுத்துன்னு அர்த்தம்) சொல்லிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. அந்த எடத்துல விழுந்த செவப்புக் கோடு ஒரு வாரம் போகல. நான் பாத்துட்டு இருந்தது வாரோட நடுப்பகுதிய, அது முதுகுல கரெக்டா தான் விழுந்துச்சு, ஆனா நுனி எங்க போச்சுன்னு நான் பாக்கவே இல்ல. அதுக்கப்புறம் கத்துக்கிட்டது எல்லாமே ஒரு வகையில நுனியப் பத்தினது தான்.

இது என்ன பொருள்

ஒரு கைப்பிடி, அதுல இருந்து தொங்குற பத்து இருபது வார், சிலதுல நாப்பது ஐம்பது கூட இருக்கும். சாட்டை, சவுக்குன்னு நம்ம மனசுல வர்ற ஒத்த வால் சமாச்சாரம் வேற, அதுக்கு கையில பல மாசப் பழக்கம் வேணும், தப்பாச்சுன்னா தோலு கிழியும். ஃபிளாகர்ல அடியோட வேகம் நெறைய வாருக்குப் பிரிஞ்சு போறதால, ஆரம்பிக்கறவங்களுக்கு அது கொஞ்சம் மன்னிக்கும். கொஞ்சம் தான்.

அடி எப்படி இருக்கும்னு சொல்ல ஆங்கிலத்துல தட், ஸ்டிங்னு ரெண்டு வார்த்தை வச்சிருக்காங்க. நம்மகிட்ட அதவிட நல்ல வார்த்தையே இருக்கு, ஒண்ணு தொம், இன்னொண்ணு சுளீர். அகலமான, மெத்துன்னு இருக்கற, கனமான வார்னா தொம்முனு உள்ள எறங்கும், யாரோ முதுகுல உள்ளங்கையால அழுத்தி மசாஜ் பண்ற மாதிரி. ஒல்லியான, வெறப்பான வார்னா சுளீர்னு மேல் தோல்ல மட்டும் எரியும். சிலருக்கு தொம் தான் சொர்க்கம், சுளீர்னு பட்டா கோவமே வரும், சிலருக்கு அப்படியே தலைகீழ். ஒங்க பார்ட்னர் எந்த ரகம்னு தெரியாம எதையும் வாங்காதீங்க.

தோல் வகையில ஸ்வேட் (உள்பக்கத்த மெத்துன்னு தேய்ச்செடுத்த தோல்), மான் தோல், ஆட்டுத்தோல் எல்லாம் மென்மை. எருமைத்தோல், காட்டெருமைத் தோல் எல்லாம் கனம், தொம் நல்லா கெடைக்கும். வெறப்பான மாட்டுத்தோல்ல ரெண்டும் கலந்து வரும். ரப்பரப் பாத்தா பாவமா இருக்கும், ஆனா ஒல்லி ரப்பர் வார் மாதிரி எரியறது எதுவும் இல்ல, அத மொத ஃபிளாகரா வாங்கி மாட்டிக்கிட்டவங்க நெறைய பேரு. பின்னல் போட்டு நுனியில முடிச்சு வச்ச ஒன்பது வால் ரகம் ஆரம்பத்துல வேண்டவே வேண்டாம்.

மொத ஃபிளாகருக்கு என் சிபாரிசு: ஸ்வேட் இல்லனா மான் தோல், வார் நீளம் 16ல இருந்து 20 இன்ச் வரைக்கும், கைப்பிடி ஒங்க உள்ளங்கையில அடங்கி கொஞ்சம் வெளிய நிக்கணும். வார் ரொம்ப நீளமா போனா நுனி ஒங்க பேச்ச கேக்காது. கடையில கையில எடுத்துப் பாக்க முடிஞ்சா மூணு விஷயம் பாருங்க. கைப்பிடியும் வாரும் சேர்ற எடத்துல ஒரு விரல வச்சு தூக்கிப் பாருங்க, அந்த எடத்துக்குப் பக்கத்துலயே சமமா நின்னா கை சீக்கிரம் வலிக்காது. வார் ஓரத்த முன்கையோட உள்பக்கத்துல மெதுவா இழுத்துப் பாருங்க, பேப்பர் வெட்டற மாதிரி இருந்தா வேண்டாம். ஈரமான வெள்ளத்துணியால ஒரு வார தொடச்சுப் பாருங்க, சாயம் துணியில ஏறினா அது நாளைக்கு வேர்த்த முதுகுலயும் ஏறும். நைலான் கயிறுல செஞ்சதுன்னா நுனிய உருக்கி ஒட்டியிருப்பாங்க, அது சின்ன கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும், அங்க விரல் வச்சுப் பாக்காம வாங்கிடாதீங்க.

தலகாணி கிட்ட கத்துக்கங்க

தலகாணிக்கு வலிக்காது, அதனால அதுதான் மொத பார்ட்னர். கருப்பு இல்லனா நல்ல அழுத்தமான கலர் உறை போட்ட தலகாணிய முதுகு ஒசரத்துக்கு நிக்க வைங்க, இல்ல கட்டித் தொங்க விடுங்க. வார் நுனியில மட்டும் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவுங்க. இப்ப பத்து அடி போட்டுட்டு கிட்டப் போய் பாருங்க, ஒவ்வொரு நுனியும் எங்க விழுந்துச்சோ அங்க வெள்ளையா புள்ளி இருக்கும். மொத நாள் எனக்கு தலகாணி பூரா பனி பெஞ்ச மாதிரி இருந்துச்சு, பாதி பவுடர் பின்பக்கம் வேற இருந்துச்சு. பின்பக்கம் போனது பூரா ஒரு ஆளோட இடுப்பு எலும்பு, விலான்னு நெனச்சுக்கங்க.

அந்தப் பின்பக்கம் சுத்திப் போறதுக்குப் பேரு தான் ராப். வார் ஒடம்போட விளிம்புல மடங்கும்போது மிச்சம் இருக்கற நுனி கூடுதல் வேகத்துல சுத்திப் போய் விழும், அதனால நடுமுதுகுல தொம்முனு எறங்கின அதே அடி பக்கவாட்டுல சுளீர்னு வெட்டற மாதிரி விழும். பலம் அதிகம் போட்டதால வர்றது இல்ல, தூரம் தப்பா போனதால வர்றது. நுனி நீங்க குறி வச்ச எடத்தோட அந்தப்பக்க விளிம்ப தாண்டக் கூடாது, அவ்வளவு தான் கணக்கு. தாண்டுச்சுன்னா அரை அடி பின்னாடி போங்க. பலர் செய்யற தப்பு என்னன்னா, ராப் ஆச்சுன்னா மெதுவா அடிக்க ஆரம்பிப்பாங்க ஆனா நின்ன எடத்த விட்டு நகர மாட்டாங்க. மெதுவா அடிச்சாலும் ராப் ராப் தான்.

அடிக்கற முறைய வரிசையா கத்துக்கங்க. மொத முறை, வார் நுனிகள இன்னொரு கையில சேத்துப் பிடிச்சு லேசா இழுத்து வச்சுக்கிட்டு, கைப்பிடிய முன்னாடி கொண்டு போகும்போது நுனிய விடுங்க. வார் எல்லாம் ஒரே கொத்தா போய் விழும், சிதறாது. இத ஒரு நாள் பூரா பண்ணாலும் தப்பில்ல. ரெண்டாவது, தோளுக்கு மேல இருந்து சாய்வா எறக்கறது. மூணாவது, அதே பாதையில பின்கையால திருப்பி அடிக்கறது. இந்த ரெண்டும் வந்துச்சுன்னா சேத்து ஓட்டினா படுத்த எட்டு வரும், காத்துல எட்டு எழுதற மாதிரி, நடுவுல எங்கயும் நிக்காம. தாளம் அப்படித்தான் புடிபடும். தோள்பட்டைய வச்சு வீசாதீங்க, மணிக்கட்டும் முழங்கையும் தான் வேலை செய்யணும், தோள் வலிக்க ஆரம்பிச்சா நீங்க பலத்தால அடிக்கறீங்கன்னு அர்த்தம். ரெண்டு கையில ரெண்டு ஃபிளாகர் வச்சுச் சுத்தற ஃப்ளோரன்டைன் பாக்க அழகா தான் இருக்கும், ஆனா ஒரு கையே நேரா போகாதப்ப ரெண்டு எதுக்கு.

நான் வச்சுக்கிட்ட கணக்கு, பத்துல ஒன்பது அடி ஒரு உள்ளங்கை அகலத்துக்குள்ள விழற வரைக்கும் ஆள் மேல படக்கூடாது. எனக்கு மூணு வாரம் ஆச்சு. அப்புறம் சொந்தத் தொடையில நாமளே அடிச்சுப் பாக்கணும், இத யாரும் விட்டுடாதீங்க. தான் வாங்கிப் பாக்காத அடிய அடுத்தவங்களுக்குக் கொடுக்கறது எனக்கு சரியாப் படல.

எங்க படலாம், எங்க படவே கூடாது

படலாம்: பிட்டம், அதுதான் இருக்கறதுலயே பாதுகாப்பு, கொழுப்பும் தசையும் மெத்த மாதிரி. தொடையோட பின்பக்கம், ஆனா அங்க சுளீர் அதிகமா தெரியும். மேல் முதுகு, முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் தசை தடிப்பா இருக்கற எடம் மட்டும்.

படவே கூடாதது: தலை, முகம், கழுத்து, தொண்டை. முதுகெலும்பு மேல நேரா, அடி முதுகுல வால் எலும்பு. விலா முடிஞ்சு இடுப்பு ஆரம்பிக்கறதுக்கு நடுவுல ரெண்டு பக்கமும் சிறுநீரகம் இருக்கு, அங்க காப்பாத்த தசையும் பெருசா இல்ல எலும்பும் முழுசா மறைக்கல, அதனால கீழ் முதுகு பூராவையும் கோடு போட்டு ஒதுக்கிடுங்க. வயிறு, முழங்கை, முழங்காலோட பின்பக்கம், கை விரல், கணுக்கால் எல்லாமே இதே பட்டியல் தான். மார்புல ரொம்ப மென்மையான வார் லேசா வருடறது சிலருக்குப் பிடிக்கும், அது பழகினவங்களுக்கு, சிலிக்கான் இம்ப்ளான்ட் இருந்தா அங்க கை வைக்காதீங்க.

தொடக்கத்துல குழப்பமா இருந்தா பார்ட்னரோட கீழ் முதுகுல ஒரு தலகாணியோ மடிச்ச போர்வையோ வச்சுக் கட்டிடுங்க. சிரிப்பாங்க, சிரிக்கட்டும், சிறுநீரகம் பத்திரமா இருக்கும்.

பேச்சு

இதப் பேசறது துணியோட இருக்கும்போது, வயிறு நெறைஞ்சு, யாருக்கும் அவசரம் இல்லாத நேரத்துல பேசணும். மூடு வந்த அப்புறம் கேட்டா எல்லாத்துக்கும் சரின்னு தான் பதில் வரும், அது சம்மதத்துல சேராது. குடிச்சிருந்தா அன்னைக்கு கெடையாது, ரெண்டு பேருல யார் குடிச்சிருந்தாலும். குடிச்ச ஒடம்புக்கு வலி சரியாத் தெரியாது, குடிச்ச கைக்கு நுனி தெரியாது.

என்ன பேசணும்? எந்த எடம் ஓகே, எது கூடாது, தடம் விழலாமா, அடுத்த நாள் நீச்சல், டாக்டர் அப்பாயின்ட்மென்ட்னு ஏதாவது இருக்கா. சீன் (அடி ஆரம்பிச்சதுல இருந்து முடியற வரைக்கும் உள்ள நேரம்) நடுவுல தொடறது, முத்தம், அதுக்கு மேல என்னன்னு தனித்தனியா கேளுங்க, அடிக்க சரின்னு சொன்னதால மத்ததுக்கும் சரின்னு ஆயிடாது. ஒடம்பு விஷயம் கூச்சமில்லாம கேளுங்க: ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்களா, வார்ஃபரின் மட்டும் இல்ல, தினம் ஆஸ்பிரின் போட்டாலும் சீக்கிரம் கன்னிப் போகும். சுகர், இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம், சமீபத்துல ஆபரேஷன், பழைய முதுகு வலி. கர்ப்பம்னா இது வேண்டாம், அவ்வளவு தான். மனசுல பழைய காயம் ஏதாவது இருந்தா, சின்ன வயசுல பெல்ட்டால அடி வாங்கினவங்களுக்கு தோல் வாசமே ஒரு மாதிரி பண்ணும், அதயும் முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கங்க.

சேஃப்வேர்டுக்கு, அதாவது கொறைக்கவோ நிறுத்தவோ சொல்ற வார்த்தைக்கு, சிக்னல் லைட் முறை போதும். க்ரீன்னா நல்லா இருக்கு, யெல்லோன்னா கொறச்சுக்கோ இல்ல எடத்த மாத்து, ரெட்னா எல்லாமே நிக்கணும், அடுத்த அடி பாதி காத்துல இருந்தாலும். ரெட் சொன்னதுக்கு ஏன்னு விசாரணை வைக்கக் கூடாது, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது, ஒரு தடவ மூஞ்சியத் தூக்கினா அடுத்த தடவ அவங்க ரெட் சொல்ல யோசிப்பாங்க. வாய் பேச முடியாத நெலமைன்னா கையில ஒரு சாவிக்கொத்து கொடுங்க, கீழ போட்டா ரெட். பாட்டமா (அடி வாங்கறவங்களா) இருக்கறவங்களுக்கு மட்டும் தான் சேஃப்வேர்டுன்னு ஒரு நெனப்பு இருக்கு, டாப்பும் (அடிக்கறவங்களும்) ரெட் சொல்லலாம், கை வலிச்சாலும் மனசு ஒப்பலனாலும்.

சட்டம் பத்தி ஒரு வரி. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல, 2022ல நடைமுறைக்கு வந்த ஐசிடி 11ல இருந்து, பெரியவங்க ரெண்டு பேர் சம்மதத்தோட செய்யறது நோய்னு கணக்குல வராது. ஆனா நோய் இல்லைங்கறது வேற, சட்டம் வேற. 1993ல பிரிட்டன்ல, அப்ப அங்க கடைசி கோர்ட்டாவும் இருந்த பிரபுக்கள் சபை, காயம் உண்டாக்கற அளவுக்குப் போனா சம்மதம் இருந்துச்சுன்னு சொல்லி தப்பிக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. ஒங்க நாட்டுல என்னன்னு நீங்க தான் தெரிஞ்சுக்கணும்.

சீன்

மொதல்ல எடம். கையோட ஃபிளாகர நீட்டி ஒரு சுத்து சுத்திப் பாருங்க, ஃபேன், லைட், அலமாரி எதுலயும் இடிக்கக் கூடாது. பக்கத்துல தண்ணி, போர்வை, கட்டறதா இருந்தா துணி வெட்டற மழுங்கின முனை கத்திரிக்கோல். கட்டிட்டு ஒரு நிமிஷம் கூட தனியா விட்டுட்டுப் போகக் கூடாது. மொத சில தடவை கட்டவே வேண்டாம்னு சொல்வேன், கட்டிலுல குப்புறப் படுக்கறதோ செவுத்துல கை ஊனி நிக்கறதோ போதும். நிக்கறதா இருந்தா முழங்கால விறைப்பா வச்சிருக்க விடாதீங்க, அப்படியே மயங்கி விழுந்தவங்க உண்டு. நீள முடின்னா மேல தூக்கிக் கட்டிடுங்க, வார்ல மாட்டி இழுத்தா அது வேற வலி.

வார்ம் அப் தான் பாதி சீன். பத்து பதினஞ்சு நிமிஷம் உள்ளங்கையால தேய்ச்சு, தட்டி, அப்புறம் ஃபிளாகர வெறுமனே முதுகு மேல வச்சு இழுங்க, வாரோட கனமும் வாசமும் அவங்களுக்குப் பழகட்டும். அப்புறம் லேசா விழ விடுங்க, அடிக்காதீங்க, விழ விடுங்க. ரத்த ஓட்டம் கூடி தோல் சூடாகி இளஞ்செவப்பா மாறும் (கருப்புத் தோல்ல செவப்பு தெரியாது, கைய வச்சு சூட்டப் பாருங்க). ஒடம்பு எண்டார்ஃபின், அதாவது வலியக் கொறைக்கற சுரப்பு, சொரக்க ஆரம்பிச்சதும், ஆரம்பத்துல வலியா இருந்த அதே அடி நல்லா இருக்கும். வார்ம் அப் இல்லாம நேரா பலமா அடிச்சா அது வெறும் வலி.

எங்க வீட்டுல இப்படி தான் ஓடும்:

"நம்பர் சொல்லு."

"மூணு."

"போலாமா?"

"போ. ஆனா வலது பக்கம் ஒரு எடத்துல குத்துது."

அப்ப நான் அடிய நிறுத்திட்டு வலது பக்கம் கைய வச்சுப் பாப்பேன், பாதி தடவ நுனி ஒரே எடத்துல விழுந்து அங்க மட்டும் சூடு ஏறியிருக்கும். அடி எவ்வளவு பலமா தெரியுதுன்னு ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் நம்பர் கேக்கறது "ஓகேயா"ன்னு கேக்கறதவிட ரொம்ப மேல், ஏன்னா ஓகேன்னு வாய் தானா சொல்லிடும், நம்பர் சொல்ல கொஞ்சம் யோசிக்கணும். அஞ்சு ஆறுல வச்சு ஓட்டுங்க, ஏழுக்குப் போனா மறுபடி நாலுக்கு எறக்குங்க, அப்படி ஏத்தி எறக்கினா தான் நீளமா போக முடியும். அவங்க மூச்சு வெளிய விடும்போது அடி விழுந்தா ஒடம்பு வாங்கிக்கும், மூச்ச இழுத்துப் பிடிச்சிருக்கும்போது விழுந்தா இறுகிடும். அதனால கண்ணு ஒண்ணு நுனி மேல, இன்னொண்ணு அவங்க தோள்பட்டை ஏறி எறங்கறது மேல.

சிலர் ஒரு கட்டத்துல பேச்சு கொறஞ்சு, உருகின மாதிரி ஆயிடுவாங்க, அதத்தான் சப்ஸ்பேஸ்னு சொல்றாங்க. ரொம்ப சொகமான எடம், ஆனா அங்க போனவங்க யெல்லோ சொல்ல மாட்டாங்க, இன்னும் அடின்னு கூட கேப்பாங்க. முன்னாடி பேசி வச்ச எல்லைய அந்த நேரத்துல பெருசாக்கக் கூடாது, கொறைக்க மட்டும் தான் செய்யலாம். பதில் வரலனா அத யெல்லோன்னு எடுத்துக்கங்க. அழுகை வந்தா அது நல்ல அழுகையா கெட்ட அழுகையான்னு ஊகிக்காதீங்க, நிறுத்திட்டுக் கேளுங்க. கை கால் மரத்துப் போச்சு, வெறவெறன்னு இருக்கு, தலை சுத்துதுன்னா அன்னைக்கு முடிஞ்சுது. தோல் கீறி ரத்தம் வந்தாலும் முடிஞ்சுது.

முடிக்கும்போதும் திடீர்னு முடிக்காதீங்க. ஆரம்பிச்ச மாதிரியே லேசா எறங்கி, கடைசியா வார முதுகுல படுக்க வச்சுட்டு, அது மேல கைய வச்சு ஒரு நிமிஷம் அப்படியே இருங்க.

ஆஃப்டர்கேர்

சீன் முடிஞ்ச அப்புறம் ஒருத்தர ஒருத்தர் கவனிச்சுக்கறது தான் இது. போர்வை, தண்ணி, ஏதாவது இனிப்பு, அப்புறம் ஒங்க ஒடம்போட சூடு. சிலருக்குக் கட்டிப்பிடிச்சுக்கணும், சிலருக்கு யாரும் தொடாம பக்கத்துல உக்காந்தா போதும், இதயும் முன்னாடியே கேட்டு வைங்க. தோல்ல எரிச்சல் இருந்தா ஈரத்துணியில சுத்தின ஐஸ், பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம். கன்னிப் போயிருந்தா மொத ஒரு ரெண்டு நாள் குளிர்ச்சி, அதுக்கப்புறம் லேசான சூட்டு ஒத்தடம்.

ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு சிலருக்கு காரணமே இல்லாம மனசு கீழ விழும், அழுகை வரும், எரிச்சல் வரும். டிராப்னு சொல்வாங்க. டாப்புக்கும் வரும், "நேத்து நான் என்ன பண்ணிட்டேன்"னு குற்ற உணர்ச்சியா வரும், எனக்கு ஒவ்வொரு தடவையும் அடுத்த நாள் சாயங்காலம் தான் வரும். அதனால அடுத்த நாள் ஒரு மெசேஜ், மூணாவது நாள் ஒரு போன், எது நல்லா இருந்துச்சு எது வேண்டாம்னு.

டாக்டர் கிட்ட போக வேண்டியது: சிறுநீர் செவப்பா இல்லனா காப்பி கலர்ல போனா உடனே, தசை ரொம்ப அடிபட்டாலோ சிறுநீரகத்துல பட்டிருந்தாலோ அப்படி ஆகும். மரத்துப் போனது சரியாகலனா, மூச்சு விட்டா விலா வலிச்சா, வீக்கம் பெருசாயிட்டே போனா. போனா என்ன நடந்துச்சுன்னு மறைக்காம சொல்லுங்க, வெக்கப்பட்டு படியில விழுந்தேன்னு சொன்னா தப்பான எடத்தப் பாப்பாங்க.

ஃபிளாகரப் பாத்துக்கறது

தோல்ங்கறது நுண்துளை இருக்கற பொருள், அத முழுசா கிருமி நீக்க முடியாது. ரத்தம் பட்ட தோல் ஃபிளாகர வேற ஒரு ஆள் மேல பயன்படுத்தக் கூடாது, ஹெபடைடிஸ் பி வைரஸ் வெளிய காஞ்ச எடத்துலயே ஏழு நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். பல பார்ட்னர் இருக்கறவங்க ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கங்க, இல்ல சோப்பு போட்டுக் கழுவி கிருமிநாசினி போடற மாதிரி ரப்பர், சிலிக்கான்ல வாங்குங்க.

சும்மா வேர்வை பட்டதுக்கு ஈரத்துணியால தொடச்சு நெழல்ல காய விட்டா போதும், வெயில்ல போட்டா தோல் வெறைச்சுப் போகும். வழவழப்பான தோலுக்கு எப்பவாவது லெதர் கண்டிஷனர் கொஞ்சமா தடவலாம், ஸ்வேடுக்கு அது வேண்டாம், மெல்லிசு பிரஷ் போதும். சுருட்டி டப்பாவுல வைக்காதீங்க, கைப்பிடிய மேல மாட்டி வார கீழ தொங்க விடுங்க, சுருட்டி வச்சது அப்படியே வளைஞ்சு போய் நுனி நீங்க சொன்ன எடத்துக்குப் போகாது. மாட்டறதுக்கு முன்னாடி நுனி ஒவ்வொண்ணையும் ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டிப் பாப்பேன், வெடிச்சோ வெறைச்சோ இருந்தா கூரான கத்திரியில அரை இன்ச் வெட்டி, மத்த வாரையும் அதே நீளத்துக்குக் கொண்டு வந்துட்டு, பவுடர் டப்பாவோட மறுபடி தலகாணி கிட்ட போவேன்.